கம்பி வைத்த முதுகு: ஆண்டுகள் போனபின் என்ன ஆகும்?

வளரும் பிள்ளைகளின் முதுகுத்தண்டு வளைவுக்கு (ஸ்கோலியோசிஸ்) உள்ளே பொருத்தும் கம்பி, ஸ்குரூ பற்றிக் கன்னியாகுமரி மாவட்டத்து வாசகர்கள் கேட்டவற்றுக்கு, முதுகெலும்பு அறுவை மருத்துவரும் இயன்முறை மருத்துவரும் சேர்ந்து எழுதிய பதில்கள்.

என் மகளுக்கு 14 வயது. வளைவு 52 டிகிரி இருக்கிறது, கம்பி வைத்தே ஆக வேண்டும் என்கிறார்கள். ஆயுசுக்கும் உடம்புக்குள் இரும்பு கிடந்தால் துருப்பிடிக்காதா? ரத்தத்தில் கலக்காதா? நாலைந்து வருடம் கழித்து எடுத்துவிடலாமா?
*– ஒரு தாய், தக்கலை*

முதலில் அந்த 52 டிகிரி பற்றி. வளர்ச்சி நின்றபின் வளைவும் நின்றுவிடும் என்று பலர் காத்திருக்கிறார்கள். 30 டிகிரிக்குக் கீழே உள்ள வளைவுக்கு அது பெரும்பாலும் சரி. நெஞ்சுப் பகுதி வளைவு 50 டிகிரியைத் தாண்டிவிட்டால், வளர்ச்சி முடிந்த பிறகும் வருடத்துக்குச் சராசரியாக ஒரு டிகிரி வீதம் கூடிக்கொண்டே போகும். உங்கள் மகளுக்கு நாற்பது வயதாகும்போது அது எங்கே நிற்கும் என்பதைக் கணக்கிட்டுத்தான் அறுவை சொல்கிறார்கள்.

வைப்பது சாதாரண இரும்பு அல்ல. இன்று பெரும்பாலும் டைட்டானியம் கலவைதான். அதில் கொஞ்சம் அலுமினியமும் வனேடியமும் சேர்ந்திருக்கும். கம்பி மட்டும் சில நேரம் கோபால்ட் குரோமில் இருக்கும், அது இன்னும் விறைப்பானது. கம்பியின் தடிமன் வழக்கமாக 5.5 அல்லது 6 மில்லிமீட்டர். டைட்டானியத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் தானாகவே உண்டாகி உலோகத்தைக் காக்கிறது. கம்பியும் ஸ்குரூவும் சேரும் பூட்டில் நுண்ணிய அசைவு இருந்தால் அந்தப் படலம் உரசிப் போகும். உலோகம் ரத்தத்துக்குள் வருவது முக்கியமாக அந்த இடத்திலிருந்துதான்.

வருகிறதா என்று கேட்டால், ஆம், வருகிறது. கம்பி வைத்த பிள்ளைகளின் ரத்தத்தில் டைட்டானியம் அளவு அறுவைக்குப் பிந்தைய முதல் சில வாரங்களிலேயே உயர்ந்து, பிறகு ஒரு மட்டத்தில் நிற்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்த அளவால் சிறுநீரகமோ ஈரலோ கெடுகிறது, புற்றுநோய் வருகிறது என்று இதுவரை நிறுவப்படவில்லை. ஆகவே எந்தத் தொல்லையும் இல்லாத பிள்ளைக்கு வருடாவருடம் ரத்தத்தில் உலோகம் பார்க்கும் பரிசோதனைக்குச் செலவு செய்ய வேண்டாம்.

அடுத்து, எடுக்கும் பேச்சு. கம்பி நிரந்தரமாகச் சுமை தாங்க வைக்கப்படுவதில்லை. வளைவை நிமிர்த்திய நிலையில் முள்ளெலும்புகளின் மேற்பரப்பைச் செதுக்கி, எலும்புத் துகளைப் பரப்பி மூடுகிறார்கள். அடுத்த 6 முதல் 12 மாதத்தில் அந்த எலும்புகள் ஒன்றாகக் கூடிவிடும். இதைத்தான் ஃப்யூஷன் என்கிறோம். கான்கிரீட் இறுகும்வரை சென்ட்ரிங் தாங்குவது போன்ற வேலைதான் கம்பிக்கு. இருந்தாலும், இறுகிய பிறகு அதைக் கழற்றுவது வழக்கம் இல்லை. கழற்ற இன்னொரு பெரிய அறுவை வேண்டும், ரத்த இழப்பு உண்டு, எலும்பு நன்றாகக் கூடியிருந்தாலும் பலருக்கு நிமிர்த்தியதில் ஒரு பகுதி மறுபடி வளைகிறது. தாமதமாக வரும் கிருமித்தொற்று, தோலைத் தள்ளிக்கொண்டு துருத்தும் ஸ்குரூ, வேறு காரணம் எதுவும் இல்லாத விடாத வலி ஆகியவற்றுக்காக மட்டுமே எடுப்பார்கள்.

நெடுநாள் அனுபவம் என்ன சொல்கிறது? அமெரிக்காவின் ஹூஸ்டனில் பால் ஹாரிங்டன் உருவாக்கிய கம்பி 1960-களிலிருந்து உலகெங்கும் வைக்கப்பட்டது. ஸ்வீடனில் அப்படிக் கம்பி வைத்தவர்களை 20 ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்து பார்த்தார்கள். வேலை, குடும்பம், அன்றாட வாழ்வு எல்லாம் ஏறக்குறைய மற்றவர்களைப் போலவே இருந்தன. முதுகுவலி மட்டும் கொஞ்சம் கூடுதல். இப்போதைய முறையில் ஒவ்வொரு முள்ளெலும்பிலும் ஸ்குரூ போடுவது 1990-களுக்குப் பிறகுதான் பரவலானது. எனவே அதன் நெடுநாள் பதிவு ஹாரிங்டன் கம்பியினுடையதைவிடக் குறுகியது. பிடிமானத்தில் இது பழையதைவிட மேல்.

உங்கள் மருத்துவரிடம் கட்டாயம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: "எந்த எலும்புவரை கூட்டப் போகிறீர்கள்?" இடுப்புப் பகுதியில் கீழே போகப் போக அசையும் மூட்டுகள் குறைகின்றன, மீதமுள்ள சில தட்டுகளில் (டிஸ்க்) தேய்மானம் வரும் வாய்ப்பு கூடுகிறது. இடுப்பின் மூன்றாம் எலும்போடு நிறுத்த முடிந்தால் நான்காவதுக்குப் போகாமல் இருப்பது நல்லது. ஆனால் எக்ஸ்ரேயில் வளைவின் அமைப்பு அதற்கு இடம் தர வேண்டும். குறைவாகக் கூட்டிவிட்டால் மீதிப் பகுதி வளையத் தொடங்கி, இரண்டாவது அறுவையில் கொண்டுபோய் விடும்.

மகனுக்கு 16 வயது. அறுவை முடிந்து இரண்டு வருடம். வலை இழுக்கும்போது முதுகில் 'டப்' என்று சத்தம் கேட்டதாம். மூன்று வாரமாக ஒரே இடத்தில் வலி. கம்பி ஒடிந்திருக்குமா?
*– கடலோரக் கிராமத்துத் தந்தை, குளச்சல் அருகே*

இருக்கலாம். பார்த்துவிட வேண்டும், ஆனால் பதற வேண்டாம். நின்றபடி முழு முதுகையும் முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் எடுத்த எக்ஸ்ரே வேண்டும். துண்டு துண்டாக எடுத்த படம் போதாது. பழைய படங்களையும் கொண்டுபோங்கள். ஒடிவு நூலிழை போல இருக்கும்போது, பழையதோடு ஒப்பிட்டால்தான் கம்பியின் கோணம் மாறியது கண்ணில் படும். பூட்டும் திருகு கழன்றிருந்தாலும், ஸ்குரூ எலும்பிலிருந்து பின்னுக்கு வந்திருந்தாலும் இதே சத்தமும் வலியும் வரும்.

கம்பி ஏன் ஒடிகிறது என்பதுதான் முக்கியம். எலும்பு நன்றாகக் கூடிய இடத்தில் கம்பிக்கு வேலை இல்லை, ஒடிவதும் அரிது. ஓர் இடத்தில் மட்டும் எலும்பு கூடாமல் போனால் அங்கே ஒவ்வொரு குனிதலுக்கும் கம்பி கொஞ்சம் வளைந்து நிமிரும். லட்சக்கணக்கான முறை அப்படி ஆனபின் உலோகம் சோர்ந்து ஒடிகிறது. ஆகவே ஒடிந்த கம்பியைக் கண்டால், "அங்கே எலும்பு கூடவில்லை" என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அதை உறுதிசெய்ய சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். கூடாமல் போவதற்குப் புகைப்பழக்கம் பெரிய காரணம். 16 வயதுப் பையனிடம் இதை அதட்டாமல் தனியே கேளுங்கள். வைட்டமின் டி குறைவும் பார்க்க வேண்டும். கடலோரத்தில் வெயிலுக்குப் பஞ்சமில்லை என்று அதை விட்டுவிடக் கூடாது.

வலி இல்லை, வளைவு கூடவில்லை என்றால் ஒடிந்த கம்பியை அப்படியே விட்டுக் கவனிப்பது உண்டு. வலியும் அசைவும் இருந்தால் அந்த இடத்தைத் திறந்து மறுபடி எலும்புத் துகள் வைத்துப் புதுக் கம்பி பொருத்த வேண்டும். அதுவரை வலை இழுப்பதும் ஐஸ் பெட்டி தூக்குவதும் கூடாது. காலில் மரத்தல், பலக்குறைவு, சிறுநீர் கழிப்பதில் தடை, இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

இதோடு ஒன்று. அறுவைக்குப் பின் ஆறாவது வாரம், ஆறாவது மாதம், ஒரு வருடம், இரண்டு வருடம் என்று படம் எடுத்துப் பார்ப்பது வழக்கம். பலர் இரண்டு வருடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். ஐந்தாம் வருடமும், பிறகு ஐந்து வருடத்துக்கு ஒரு முறையும் பார்த்துக்கொள்வது எங்கள் அறிவுரை. பெண் பிள்ளைகளுக்கு எக்ஸ்ரே எடுக்கும்போது கதிர் முதுகுப் பக்கமிருந்து நுழையும்படி நிற்க வைக்கச் சொல்லுங்கள். வளரும் மார்பகத்துக்கு விழும் கதிர்வீச்சு அதனால் வெகுவாகக் குறையும்.

ஐந்து வருடத்துக்கு முன் அறுவை செய்த மகளுக்கு முதுகுத் தழும்பின் நடுவில் சின்னக் கொப்புளம். லேசாக நீர் வடிகிறது. காய்ச்சல் இல்லை. மெடிக்கலில் வாங்கிய மாத்திரையில் காய்ந்து, மறுபடி வந்துவிட்டது.
*– வாசகி, மார்த்தாண்டம்*

இந்தக் கடிதத்துக்கு மட்டும் அவசரம் என்று சொல்கிறோம். தழும்பில் வந்த வெறும் கொப்புளம் என்று நினைக்காதீர்கள். கம்பியைச் சுற்றித் தாமதமாக வரும் தொற்று பெரும்பாலும் இப்படித்தான் தலைகாட்டும்: காய்ச்சல் இருக்காது, பிள்ளை நன்றாக நடமாடும், ரத்தப் பரிசோதனையில் அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டுமே சாதாரணமாகக்கூட இருக்கும்.

முகப்பருவோடு தொடர்புள்ள, தோலிலேயே வாழும் கியூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற கிருமிதான் இங்கே அடிக்கடி காரணம். உலோகத்தின் மேல் மெல்லிய படலமாக ஒட்டிக்கொண்டு வருடக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கும். அந்தப் படலத்துக்குள் மருந்து சரியாக இறங்காது. அதனால்தான் மாத்திரை சாப்பிட்டால் காய்வதும் நிறுத்தினால் வடிவதுமாக இருக்கிறது.

இப்போது செய்ய வேண்டியது: ஆன்டிபயாடிக் எதையும் மறுபடி தொடங்காதீர்கள். மருந்து உள்ளே இருந்தால் கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) கிருமி வளராது. பிதுக்க வேண்டாம், மஞ்சள் பற்று போட வேண்டாம். சுத்தமான துணியால் மூடி, அறுவை செய்த மருத்துவரிடம் இந்த வாரமே போங்கள். தோல் மேலிருந்து பஞ்சில் எடுத்த நீர் போதாது. உள்ளே கம்பிக்கு அருகிலிருந்து பல இடங்களில் திசு எடுத்து அனுப்ப வேண்டும். சாதாரணமாக ஆய்வகம் இரண்டு மூன்று நாளில் 'வளர்ச்சி இல்லை' என்று எழுதிவிடும். இந்தக் கிருமி மெதுவாக வளர்வது. 10 முதல் 14 நாள் வைத்துப் பார்க்கும்படி சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

ஐந்து வருடத்தில் எலும்பு கூடியிருக்கும். ஆகவே கம்பி, ஸ்குரூ எல்லாவற்றையும் எடுத்து, கழுவி, சில வாரங்கள் மருந்து தருவதுதான் பொதுவாகச் செய்வது. அதன் பிறகு வளைவு கொஞ்சம் கூடக்கூடும், படம் எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அறுவை முடிந்த முதல் மூன்று மாதத்தில் வரும் தொற்றுக்கு இந்த வழி பொருந்தாது. அப்போது எலும்பு கூடியிருக்காது என்பதால் கம்பியை விட்டுவிட்டுக் கழுவி மருந்து கொடுத்துக் காப்பாற்றப் பார்ப்பார்கள்.

இனி அறுவைக்குப் போகிறவர்களுக்கு: முதுகில் சீழ்ப் பருக்கள் இருந்தால் மருத்துவரிடம் காட்டி, அவை ஆறிய பிறகு தேதி வாங்குங்கள்.

காந்தத்தால் நீளும் கம்பி, கயிறு கட்டும் முறை என்றெல்லாம் கேள்விப்படுகிறோம். எலும்பைக் கூட்டாமலே சரியாகும் என்கிறார்களே, அது நல்லதுதானே?
*– வெளிநாட்டில் வேலை பார்க்கும் வாசகர், சொந்த ஊர் கருங்கல்*

இரண்டும் வேறு வேறு பிள்ளைகளுக்கானவை. காந்தக் கம்பி பத்து வயதுக்குட்பட்ட, வளைவு கடுமையாக உள்ள சிறு குழந்தைகளுக்கு. வளரும் உயரத்துக்கு ஏற்ப ஆறு மாதத்துக்கு ஒரு தடவை திறந்து கம்பியை நீட்டும் கொடுமையிலிருந்து இது அவர்களைக் காப்பாற்றியது: வெளியே வைத்த கருவி, கம்பிக்குள் இருக்கும் காந்தத்தைச் சுழற்ற, கம்பி சில மில்லிமீட்டர் நீளும். 2012-இல் ஹாங்காங் மருத்துவர்கள் இதை வெளியிட்டபோது பெரும் நம்பிக்கை பிறந்தது. ஆனால் எடுத்த கம்பிகளைச் சோதித்தபோது உள்ளே உரசல், சுற்றிலும் டைட்டானியத் தூளால் கறுத்த சதை, சிலவற்றில் உடைந்த பாகங்கள், கழன்ற மூடி எல்லாம் தெரிந்தன. 2020 ஏப்ரலில் பிரிட்டனில் இதன் விற்பனை நிறுத்தப்பட்டது. அசையும் பாகம் இருக்கும் எந்த உலோகக் கருவியும் தேயும். ஆகவே இது உடம்பில் விட்டுவைக்கும் பொருள் அல்ல. வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். ஏற்கெனவே வைத்த குழந்தை இருந்தால், அறுவை செய்த தேதியைப் பார்த்து, எடுப்பதற்கான நாளை மருத்துவரிடம் இப்போதே பேசுங்கள். 14, 15 வயதுப் பிள்ளைக்கு யாராவது இதைப் பரிந்துரைத்தால் ஏன் என்று கேளுங்கள்.

கயிறு முறையில் நெஞ்சு வழியாகப் போய், வளைவின் புடைத்த பக்கத்தில் முள்ளெலும்புகளின் முன்புறம் ஸ்குரூ போட்டு, பாலியெஸ்டர் வகைக் கயிற்றை இழுத்துக் கட்டுகிறார்கள். கட்டிய பக்கம் வளர்ச்சி மெதுவாகி, எதிர்ப்பக்கம் வளர்ந்து, தண்டு நிமிர்கிறது. வளர்ச்சி மீதமிருந்தால்தான் இது நடக்கும். அமெரிக்காவின் மருந்து, கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2019 ஆகஸ்டில் அனுமதித்தது, வளர்ச்சி முடியாத, 30 முதல் 65 டிகிரிவரை வளைவுள்ள பிள்ளைகளுக்கு மட்டும். அதுவும் அரிதான தேவைகளுக்கான தனி வழியில் கிடைத்த அனுமதி. பெரிய ஆய்வுகளால் பலன் முழுமையாக நிறுவப்பட வேண்டும் என்ற நிபந்தனை அந்த வழியில் இல்லை. சில வருடத்தில் கயிறு அறுவது சகஜமாகக் காணப்படுகிறது. எதிர்ப்பக்கம் அதிகமாக வளைந்துவிடுவதும் உண்டு. மறு அறுவைக்கான வாய்ப்பு ஃப்யூஷனைவிடக் கூடுதல். இடுப்பின் அசைவு மிஞ்சுவது உண்மையான நன்மைதான், அதற்காக அந்த ஆபத்தை ஏற்கும் குடும்பங்கள் உண்டு. எங்கள் கருத்து: தொடர்ந்து சிகிச்சைக்கு வர முடியாத தொலைவில் இருப்பவர்களுக்கு இது வேண்டாம்.

தங்கைக்குக் கம்பி வைத்து ஏழு வருடம். இப்போது கல்யாணப் பேச்சு. பிரசவத்துக்குத் தடையா?
*– அக்கா, ஆரல்வாய்மொழி*

தடை இல்லை. கம்பி இருப்பது முதுகில். கர்ப்பப்பைக்கும் பிரசவ வழிக்கும் அதனால் மாற்றம் இல்லை. கம்பி ஒன்றுக்காக மட்டும் சிசேரியன் செய்யத் தேவையில்லை. வித்தியாசம் முதுகு ஊசியில்தான். கூட்டிய பகுதியில் எலும்பிடைவெளி மூடிப்போய், தழும்பும் இருப்பதால் ஊசி நுழையாமல் போகலாம், எபிடூரல் (பிரசவ வலி குறைக்க முதுகில் செலுத்துவது) மருந்து சரியாகப் பரவாமல் பாதி மரத்துப் பாதி வலிக்கலாம். கூட்டியது இடுப்பின் மேல்பகுதியோடு நின்றிருந்தால் அதற்குக் கீழே ஊசி போட வழி இருக்கும். கடைசி எக்ஸ்ரேயோடு ஏழாம் மாதத்திலேயே மயக்க மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். வலி எடுத்த நள்ளிரவில் மேசையில் படுக்க வைத்து யோசிக்கக் கூடாது.

மாப்பிள்ளை வீட்டாரிடம் மறைக்க வேண்டாம் என்பதே எங்கள் வேண்டுகோள். மறைத்தால் பிரசவ அறையில் சொல்ல வேண்டியது சொல்லாமல் போகிறது. பிறக்கும் குழந்தைகளுக்கு வளைவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல் என்பதால், பத்து வயதிலிருந்து குனிய வைத்து முதுகு ஒரு பக்கம் மேடாக இருக்கிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்.

வர்ம ஆசானிடம் தடவல் செய்யலாமா? கடலில் நீந்தலாமா? திற்பரப்பு அருவியில் குளிக்கலாமா?
*– கல்லூரி மாணவர், குலசேகரம்*

முதுகில் அழுத்தி, முறுக்கி, 'நெட்டி' எடுக்கும் எந்தச் சிகிச்சையும் கூடாது, ஆயுள் முழுக்க. நம் மாவட்டத்து ஆசான்கள் மீது எங்களுக்கு மதிப்பு உண்டு. ஆனால் கூட்டிய பகுதி ஒரே எலும்பு, அது அசையாது. கொடுக்கும் விசை முழுவதும் கம்பி முடியும் இடத்துக்கு மேலேயும் கீழேயும் உள்ள மூட்டில் போய் விழும். கை, கால், தோளில் மெதுவாக எண்ணெய் தடவுவதில் பிழை இல்லை. ஆசானிடம் தழும்பைக் காட்டி, கம்பி இருப்பதைச் சொல்லிவிடுங்கள்.

நீச்சல் நல்லது. புண் முழுதும் ஆறி மூன்று மாதம் ஆனபின் அமைதியான தண்ணீரில் தொடங்கலாம். அலையடிக்கும் கடல், பாலத்திலிருந்து ஆற்றில் குதிப்பது, அருவி முதுகில் நேரே விழ நிற்பது ஆகியவை எலும்பு கூடியது எக்ஸ்ரேயில் உறுதியாகும்வரை, அதாவது ஏறக்குறைய ஒரு வருடம், வேண்டாம். குதிப்பதைப் பிறகும் தவிர்ப்பது நல்லது. கபடி, கால்பந்து விஷயத்தில் 6 முதல் 12 மாதத்துக்குள் மருத்துவர் படம் பார்த்துச் சொல்வார். ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கிக் குனியப் பழக வேண்டும்.

கவரிங் கம்மல் போட்டாலே என் மகளுக்குக் காது புண்ணாகும். கம்பி ஒத்துக்கொள்ளுமா? எம்.ஆர்.ஐ. எடுக்க முடியுமா?
*– வாசகி, கோட்டாறு*

கம்மலில் அவளுக்கு ஒத்துக்கொள்ளாதது அநேகமாக நிக்கல். அறுவைக்கு முன்பே இதைச் சொல்லுங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியில் நிக்கல் பத்து சதவீதத்துக்கு மேல் இருக்கும். டைட்டானியத்தில் அந்தத் தொல்லை இல்லை. டைட்டானியக் கம்பியோடு எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், கம்பியைச் சுற்றிப் படம் மங்கலாக இருக்கும், அவ்வளவுதான். காந்தக் கம்பி என்றால் அதற்குரிய தாளைப் பார்க்காமல் அந்த அறைக்குள் விடக் கூடாது. விமான நிலையத்தில் கருவி ஒலித்தால் மருத்துவர் கையெழுத்திட்ட சிறு சீட்டு உதவும்.

அறுவை செய்த மருத்துவர் ஊர் மாறிவிட்டார். எங்களிடம் டிஸ்சார்ஜ் தாள் மட்டுமே இருக்கிறது. போதுமா?
*– தந்தை, நாகர்கோவில்*

போதாது. ஒவ்வொரு ஸ்குரூ, கம்பி பெட்டியிலும் தயாரிப்பாளர், அளவு, லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதை அறுவைக் குறிப்பில் ஒட்டி வைப்பார்கள். அந்தப் பக்கத்தின் நகல்தான் உங்களுக்கு வேண்டும். பத்து வருடம் கழித்து ஒரு ஸ்குரூவைக் கழற்ற நேர்ந்தால், எந்த நிறுவனத்தின் எந்த மாதிரி என்று தெரிந்தால்தான் அதற்குப் பொருந்தும் திருப்புளியை வரவழைக்க முடியும். தெரியாவிட்டால் அறுவை மேசையில் வெட்டி எடுக்க வேண்டிவரும். ஒரு தொகுதி திரும்பப் பெறப்பட்டாலும் லாட் எண்ணை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

2002-ஆம் ஆண்டு மருத்துவ ஒழுக்க விதிகளின்படி சிகிச்சைப் பதிவுகளை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும். மூன்று வருடம் முடியும்முன் மருத்துவமனையின் பதிவுப் பிரிவில் எழுத்தில் கேட்டு, மனுவின் நகலில் முத்திரை வாங்குங்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் அறுவை நடந்திருந்தால் அந்த அனுமதிக் கடிதத்தின் எண்ணையும் மனுவில் எழுதுங்கள். கோப்பைத் தேட அது உதவும்.

கருவியால் தீங்கு நேர்ந்ததாகத் தோன்றினால், மருத்துவக் கருவிகளுக்கான தேசியக் கண்காணிப்புத் திட்டம் ஒன்று 2015 முதல் நடக்கிறது. காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் அதை ஒருங்கிணைக்கிறது. மருத்துவர் மட்டுமல்லாமல் நோயாளியும் தெரிவிக்கலாம். கழற்றிய கம்பியை மருத்துவமனை தூக்கி எறியும்முன் கேட்டுப் பெயரெழுதி வைக்கச் சொல்லுங்கள். ஒடிந்த முனையைச் சோதித்தால்தான் ஒடிவு எப்படித் தொடங்கியது என்று தெரியும்.